தண்ணீர்ப் பந்தல் சாமான்களுக்கு இரண்டு ரேக்கும் ஒரு கூண்டும்

ஆங்கிள் இரும்பில் (L வடிவ இரும்புச் சட்டம்) இரண்டு ரேக், அதில் ஒரு பகுதியை அடைத்து ஒரு பூட்டுக் கூண்டு. வேலை முடிந்து, சாமான் எல்லாம் ஏறி, தைப்பூசமும் கடந்துவிட்டது. எதுவும் தொய்யவில்லை, ஆடவில்லை, காணாமல் போகவில்லை. பினாங்கில் எங்களைப் போல பந்தல் போடும் குழுக்கள் நிறைய இருக்கின்றன. பெரும்பாலும் யாராவது ஒருவர் வீட்டுப் பின்கட்டிலோ கடையின் மேல்மாடியிலோதான் சாமான் கிடக்கும். அவர்களுக்கு உதவட்டும் என்றுதான் அளவு, விலை, வழி மாறிப்போன இடங்கள் எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

எங்களுடைய இடம் லிட்டில் இந்தியாவுக்குப் பின்னால் ஒரு பழைய கடைவீடு. கீழே பின்பக்கம், கிணற்று முற்றத்தை ஒட்டி, 10 அடிக்கு 7 அடியில் ஒரு அறை. வீட்டுக்காரர் வாடகை வாங்காமல் கொடுத்திருக்கிறார். உள்ளே இருப்பவை எல்லாம் உபயமாக வந்தவை: அண்டாக்கள், மோர் கலக்கும் குண்டான்கள், வார்ப்பு அடுப்புகள், மடக்கு மேசைகள், மைக் செட், பித்தளைக் குத்துவிளக்கு, செம்புக் குடங்கள். பாதிக்கு மேல் பெயர் வெட்டிய பாத்திரங்கள். ஓர் அண்டாவின் விளிம்பில் 'அப்பா நினைவாக' என்று வெட்டியிருக்கும். அப்படி ஒன்று நசுங்கினாலோ தொலைந்தாலோ, காசு போட்டு வேறொன்று வாங்கி வைத்தால் சரியாகிவிடாது. கொடுத்த குடும்பம் அடுத்த பூசத்தில் அதைத்தான் தேடும்.

முன்பு இருந்தது 12 மி.மீ. பிளைவுட் பலகை. சுவரில் பிராக்கெட் அடித்து, பிராக்கெட்டுக்குப் பிராக்கெட் 4 அடி இடைவெளியில் படுக்க வைத்திருந்தார்கள். நடுவில் ஓர் அங்குலத்துக்கு மேல் தொய்ந்து போயிருந்தது. கடைசியில் ஒரு பிராக்கெட் பிளக்கோடு சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வந்து, ஓர் அண்டா விழுந்து வாய் கோணிவிட்டது. அடிப் பலகையில் கரையான். பித்தளையும் செம்பும் இருந்த மர அலமாரியின் கதை வேறு. யாரோ கொண்டியைப் பெயர்த்து ஒரு விளக்கை எடுத்துப் போய்விட்டார்கள். பூட்டு பூட்டியபடியே கொண்டியில் தொங்கிக்கொண்டிருந்தது. கொண்டியைப் பிடித்திருந்தவை முக்கால் அங்குல மரத்திருகாணிகள் நான்கு. பிராக்கெட்டின் ஓட்டையையும் கொண்டியின் ஓட்டையையும் பார்த்தபோது இரண்டும் ஒரே கதையைத்தான் சொல்லின. பலகையும் பூட்டும் தாங்கின, அவற்றைப் பிடித்திருந்த இடம் விட்டுவிட்டது. அதனால் இந்த முறை காசையும் கவனத்தையும் பிடிமானத்தில் போடுவது என்று முடிவு செய்தேன்.

முதலில் அளவெடுத்தோம். பழைய வீடுகளில் ஒரு மூலையின் அளவை வைத்து மறுமூலையை நம்பக்கூடாது. அறையின் அகலம் வாசல் பக்கம் 7 அடி, உள்பக்கம் 6 அடி 11 அங்குலம். தரை முற்றத்துக் கால்வாயை நோக்கிச் சரிகிறது. எவ்வளவு சரிகிறது என்பதை 2 அடி ரசமட்டம் சொல்லாது, குமிழி கொஞ்சம் விலகி நிற்கும், அவ்வளவுதான். மீன்தொட்டிக்குப் போடும் தெளிந்த பிளாஸ்டிக் குழாய் 5 மீட்டர் வாங்கி, தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை நான் பிடித்துக்கொள்ள, மறுமுனையை ஒரு தம்பி அறையின் அடுத்த கோடியில் சுவரோடு சேர்த்துப் பிடித்தான். குழாயில் காற்றுக் குமிழி ஒன்றுகூட இருக்கக்கூடாது. இருந்தால் மட்டம் பொய் சொல்லும். விரலால் சுண்டிச் சுண்டிக் குமிழியை மேலே ஏற்றி வெளியேற்ற வேண்டும். தண்ணீர் ஆடி அடங்கியதும் இரண்டு முனையிலும் பென்சில் கோடு. அந்தக் கோட்டிலிருந்து தரை வரை டேப் வைத்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். 6 அடி நீளத்துக்கு 22 மி.மீ. சரிவு. இதைக் கவனிக்காமல் ரேக்கை நிறுத்தியிருந்தால், ஆளுயரத்தில் அது 24 மி.மீ. சாய்ந்து நின்றிருக்கும்.

அடுத்தது சுவர். ரேக்கைச் சுவரோடு போல்ட் போட்டு முறுக்கிவிட்டால் எளிது என்றுதான் முதலில் நினைத்தோம். சோதனைக்கு 10 மி.மீ. ஓட்டை ஒன்று போட்டேன். முதலில் சுண்ணாம்புப் பூச்சு வெள்ளைத் தூளாகக் கொட்டியது. ஓர் அங்குலம் உள்ளே போனதும் சிவப்புத் தூள், கையில் எடுத்துத் தேய்த்தால் ஈரம் தெரிந்தது. விரியும் ஆங்கர் போல்ட்டை உள்ளே விட்டு முறுக்கினேன். இறுகவே இல்லை, சும்மா சுற்றியது. பழைய செங்கல் மென்மையானது, சுண்ணாம்புக் காரையும் மென்மையானது. விரியும் ஆங்கர் பிடிப்பதே சுற்றியுள்ளதை நெருக்கித்தான். நெருக்கினால் இந்தச் சுவர் நொறுங்குகிறது. அப்புறம் அதைத் தொடவில்லை. ஓட்டையைச் சுண்ணாம்புக் கலவையாலேயே அடைத்தோம். சிமெண்ட் வைத்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் பக்கத்துப் பூச்சு உப்பிக்கொண்டு வரும். இந்த வீடுகளில் அதை எத்தனையோ இடத்தில் பார்க்கலாம்.

ஆக, ரேக் தன் காலிலேயே நிற்க வேண்டும். சுவரைத் தொடவும் கூடாது. கீழிருந்து ஈரம் ஏறும் சுவர் என்பதால் பின்னால் 3 அங்குலம் காற்றோட இடம் விட்டோம்.

எந்த மாதிரி ரேக் என்பதில் எங்களுக்குள்ளேயே வாக்குவாதம் நடந்தது. போல்ட் இல்லாமல் தட்டிச் சேர்க்கும் ரேக் எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. விலை குறைவு, அரைமணியில் நிறுத்திவிடலாம். வீட்டு ஸ்டோருக்கு அது போதும். எங்களுக்கு இரண்டு காரணத்தால் சரிப்படவில்லை. ஒன்று, பெரிய அண்டாவின் குறுக்களவு 23 அங்குலம். அதற்கேற்ற ஆழத்தில் கைவசம் சரக்கு இல்லை. மற்றது, கூண்டு. தட்டிச் சேர்த்ததைத் தட்டியே பிரித்துவிடலாம். அதனால் துளை போட்ட ஆங்கிள் என்று முடிவானது.

இந்த ஆங்கிளைக் கண்டுபிடித்த மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். டிமிட்ரியஸ் கொமினோ, சிட்னியில் பிறந்த கிரேக்க வம்சாவளிக்காரர். லண்டனில் அச்சகம் நடத்தினார். அச்சகத்தில் தேவை மாற மாற, மரத்தில் அலமாரி அடிப்பதும் உடைப்பதும் மறுபடி அடிப்பதுமாகக் காசு கரைந்தது. நீளநெடுக வரிசையாகத் துளை இருக்கும் ஒரு ஆங்கிள் இருந்தால், வெட்டி, போல்ட் போட்டு எதையும் செய்யலாம், வேண்டாதபோது கழற்றி வேறொன்று செய்யலாம் என்று யோசித்தார். 1947ல் டெக்ஸியான் என்ற பெயரில் அதை விற்கத் தொடங்கினார். இன்றைக்கு ஜெலுத்தோங்கில் ஒரு இரும்புக் கடையில் நான் எடுத்த ஆங்கிளிலும் அந்த நீளத் துளைகள், குறுக்குத் துளைகள் எல்லாம் ஏறக்குறைய அதே ஏற்பாட்டில்தான் இருக்கின்றன. துளைகள் நீள்வடிவாக இருப்பதால்தான் தரை சரிந்திருந்தாலும் சில மி.மீ. மேலே கீழே நகர்த்தி முறுக்க முடிகிறது. பயன்படுத்திப் பார்த்தால்தான் அந்த யோசனையின் அருமை தெரியும்.

ஆங்கிள் 40க்கு 40 மி.மீ., கனம் 2 மி.மீ., நீளம் 10 அடி. கடையில் 1.5 மி.மீ. கனமும் இருந்தது, விலையில் 8 வெள்ளி (ரிங்கிட்) குறைவு. தவுக்கே (கடை முதலாளி) இரண்டையும் என் கையில் கொடுத்து, "அனே, நீயே முறுக்கிப் பார்" என்றார். மெல்லியது கையாலேயே கொஞ்சம் திருகியது. தடித்ததையே எடுத்தோம்.

வெட்டும் கணக்கில்தான் காசு மிச்சமாகும். நிற்கும் கால் 6 அடி 6 அங்குலம். 10 அடியில் அதை வெட்டினால் 3 அடி 6 அங்குலம் மிஞ்சும். ரேக்கின் ஒரு கட்டத்தின் நீளத்தை 3 அடி என்று வைத்துக்கொண்டால், மிஞ்சியது அப்படியே குறுக்குச் சட்டமாகிவிடும். கட்ட நீளத்தை இப்படித்தான் முடிவு செய்தேன். 3 அடி இன்னொரு விதத்திலும் நல்லது. அதே எடைக்கு, தாங்கும் இடைவெளியைப் பாதியாக்கினால் தொய்வு எட்டில் ஒன்றாகிவிடும். 4 அடியிலிருந்து 3 அடிக்கு வந்தாலே பாதிக்கும் கீழே வந்துவிடுகிறது. இடப்பக்க ரேக் 6 அடி நீளம், 24 அங்குல ஆழம். வலப்பக்கம் 6 அடி நீளம், 15 அங்குல ஆழம். இரண்டும் நான்கு தட்டு. நடுவில் நடக்க 39 அங்குலம். அண்டாவைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு ஓர் ஆள் திரும்ப அது போதுமானது. மொத்தம் 26 ஆங்கிள்.

வெட்டியது 4 அங்குல கிரைண்டரில், 1 மி.மீ. கட்டிங் டிஸ்க் போட்டு. ஆங்கிளை மேசையில் கவிழ்த்து, முதுகு மேலே இருக்க வெட்ட வேண்டும். கண்ணாடியும் காது அடைப்பும் இல்லாமல் தொடக்கூடாது. பக்கத்து வீட்டுக்காரர்களுக்குச் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தோம். துளைக்கு நடுவில் வெட்டு விழுந்தால் முனை இரண்டு பல்லாகப் பிளந்து நிற்கும், அது கையைக் கிழித்துவிடும். அதனால் அளவு ஒரு செ.மீ. கூடினாலும் பரவாயில்லை என்று துளைகளுக்கு இடைப்பட்ட இடத்தில் வெட்டினோம். வெட்டிய முனைகளை அரத்தால் உரசி, உடனே துத்தநாக ஸ்ப்ரே அடித்தோம். இந்த ஊர்க் காற்றில் வெட்டுவாயை ஒரு வாரம் சும்மா விட்டால் சிவந்துவிடும்.

சேர்ப்பதில் ஒரு ஒழுங்கு உண்டு. முதலில் பக்கச் சட்டங்கள்: இரண்டு கால், நான்கு குறுக்கு, தரையில் படுக்க வைத்து. நட்டுகளைக் கையால் மட்டும் முறுக்கி விட வேண்டும், ஸ்பேனர் வேண்டாம். மூன்று பக்கச் சட்டங்களையும் நிறுத்தி, நீளச் சட்டங்களைப் பூட்டி, தூக்குக்குண்டு விட்டு நேர் பார்த்து, கீழிருந்து மேலாக இறுக்கிக்கொண்டு போக வேண்டும். முதல் ரேக்கில் படுக்க வைத்தபோதே இறுக்கிவிட்டோம். நிறுத்தியதும் ஒரு கால் தரையைத் தொடவில்லை. எல்லாவற்றையும் மறுபடி தளர்த்த வேண்டி வந்தது. இரண்டாவது ரேக் அதில் பாதி நேரத்தில் முடிந்தது.

முறுக்கி முடித்து, வலப்பக்க ரேக்கின் மேல்முனையில் ஒரு கையை வைத்து நீளவாக்கில் தள்ளினேன். பின்சுவரில் பென்சிலால் குறித்துப் பார்த்தால் 40 மி.மீ. போய் வந்தது. எல்லா போல்ட்டும் இறுகித்தான் இருந்தன. ஒரு மூலைக்கு ஒரு போல்ட் என்றால், அந்தப் போல்ட்டே அச்சாகிவிடுகிறது, சதுரம் சாய்சதுரமாகப் படுத்துக்கொள்கிறது. மூலைத் தகடுகளைச் சேர்த்தோம், முக்கோண வடிவம், மூன்று ஓட்டை. மேல்தட்டு, அடித்தட்டு இரண்டின் மூலைகளுக்கு மட்டும். ஆட்டம் 40லிருந்து 15க்கு வந்தது. அடுத்து, பின்பக்கம் 25க்கு 3 மி.மீ. பட்டை இரும்பைக் குறுக்கும் நெடுக்குமாக, பெருக்கல் குறி போல, ஒவ்வொரு கட்டத்திலும் போட்டு முறுக்கினோம். மறுபடி அதே கை, அதே இடம், அதே தள்ளல். பென்சில் கோட்டுக்கும் காலுக்கும் நடுவே ஒரு 20 சென் காசு நுழையும் அளவுதான் அசைவு. பட்டை இரும்பு இழுவையைத்தான் தாங்கும், அழுத்தினால் வளைந்துவிடும். அதனால் ஒரு பட்டை போதாது, இரண்டும் வேண்டும். இடப்பக்கம் தள்ளும்போது ஒன்று வேலை செய்யும், வலப்பக்கம் தள்ளும்போது மற்றது. மொத்தச் செலவில் இந்தப் பட்டைக்கு ஆனது 40 வெள்ளிகூட இல்லை. ரேக் வாங்கி ஆடுகிறது என்று தூக்கிப் போடுகிறவர்கள் முதலில் இதைச் செய்து பார்க்க வேண்டும்.

கால்களுக்குக் கீழே 3 அங்குலச் சதுரத் தகடு. ஆங்கிளின் முனை அப்படியே தரையில் நின்றால், முழு எடையும் கத்திமுனை போன்ற இரண்டு கோட்டில் இறங்கும், பழைய சிவப்பு ஓடு உடைந்துவிடும். சரிவுக்கு, தாழ்ந்த பக்கக் கால்களின் தகட்டை மேலும் கீழும் நகர்த்திப் பூட்டியதில் பெரும்பகுதி சரியானது. மிச்சத்துக்கு 3 மி.மீ. இரும்புத் துண்டுகளை அடுக்கி வைத்தோம். மரத்துண்டு வைக்கலாம் என்றார்கள், நான் ஒத்துக்கொள்ளவில்லை. இங்கே தரையோடு மரம் வைத்தால் கரையானுக்கு ஏணி வைத்துக் கொடுத்தது போலத்தான்.

15 அங்குல ஆழத்துக்கு 78 அங்குல உயரம் என்பது ஐந்து மடங்கு. ஆழத்தைப் போல நான்கு மடங்குக்கு மேல் உயரம் போனால் எங்காவது கட்டியே ஆக வேண்டும் என்பது நான் கடைப்பிடிக்கும் கணக்கு. சுவரும் இல்லை என்றானபின், இரண்டு ரேக்கையும் மேலே ஒன்றோடொன்று கட்டினோம். 6 அடி 6 அங்குல ஆங்கிள் இரண்டு, நடைபாதைக்கு மேலே குறுக்காக, ஒரு ரேக்கின் பின்காலிலிருந்து மற்றதன் பின்கால் வரை. இப்போது ஒன்று முன்னால் சாய வேண்டுமென்றால் எதிரில் இருப்பதையும் தள்ளிக்கொண்டுதான் சாய முடியும். ரேக்குகள் எதிரெதிராக இருக்கும் எந்த அறைக்கும் இது ஒத்துவரும்.

எடைச் சோதனைக்கு 20 லிட்டர் தண்ணீர்க் குப்பிகள். லிட்டருக்கு ஒரு கிலோ, தனியாகத் தராசு வேண்டாம். ஒரு தட்டில் ஐந்து வைத்தால் 100 கிலோ. சட்டத்தின் இரு முனையிலும் நூல் கட்டி, நடுவில் தொய்வைப் பார்த்தோம்: 2 மி.மீ. ஓர் இரவு அப்படியே விட்டுக் காலையில் பார்த்தாலும் அதே 2 மி.மீ. குப்பிகளை இறக்கியதும் நூலோடு மறுபடி சேர்ந்துகொண்டது. எங்கள் சாமானில் எந்தத் தட்டும் 70 கிலோவைத் தாண்டாது.

இனி கூண்டு. இடப்பக்க ரேக்கின் உள்கட்டத்தைத் தேர்ந்தெடுத்தோம்: 3 அடி நீளம், 2 அடி ஆழம், முழு உயரம். வாசலிலிருந்து பார்த்தால் உடனே கண்ணில் படாது.

வலைக்கு முதலில் பி.ஆர்.சி. பார்த்தோம். கம்பிகளைக் குறுக்கும் நெடுக்கும் வைத்து சந்திப்பில் ஒட்டியிருப்பார்கள். மலிவு. ஆனால் கண் 50 மி.மீ. என்பதால் ஒரு சிறிய கை உள்ளே போகும். அதோடு, சந்திப்பில் ஒட்டு விட்டால் கம்பி நீளத்துக்கும் தளர்ந்துவிடும். அதனால் விரித்த தகட்டு வலை எடுத்தோம். 1884ல் ஜான் கோல்டிங் என்ற ஆங்கிலேயர் காப்புரிமை வாங்கிய முறை. முழுத் தகட்டில் விட்டு விட்டுக் கீறல் போட்டு இழுத்தால் அது வைர வடிவக் கண்களாக விரிகிறது. எங்கும் ஒட்டு இல்லை, பின்னலும் இல்லை. ஒரு இழையை வெட்டினாலும் பக்கத்து இழை தன் இடத்தில் நிற்கும். ஒரு கை நுழையும் ஓட்டை போட இழை இழையாக வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும், அந்தச் சத்தத்துக்குத் தெருவே எழுந்துவிடும். 4 அடிக்கு 8 அடித் தகடு மூன்று போதுமானதாக இருந்தது. ஒன்றில் பின்பக்கம், இரண்டாவதில் கதவும் மேல்மூடியும், மூன்றாவதை நெடுக்காகப் பிளந்து இரண்டு பக்கமும். பின்னால் சுவர் இருக்கிறதே, அங்கே எதற்கு வலை என்று ஒரு அண்ணன் கேட்டார். சுவருக்கும் ரேக்குக்கும் நடுவே விட்ட அந்த 3 அங்குலத்தில் அவரையே கையை விட்டுப் பார்க்கச் சொன்னேன். பக்கத்துக் கட்டத்திலிருந்து கை தாராளமாகப் போயிற்று.

வலையை ஆங்கிளோடு சும்மா போல்ட் போட்டால் வலையின் ஓரம் போல்ட்டைச் சுற்றிக் கிழிந்துவிடும். வலையின் ஓரத்தை ஆங்கிளுக்கும் பட்டை இரும்புக்கும் நடுவே வைத்து நசுக்கினோம், 6 அங்குலத்துக்கு ஒரு போல்ட். அந்தப் போல்ட்டுகள் சாதாரண ஆறுமுகத் தலை இல்லை. கேரேஜ் போல்ட், மரவேலைக்கு வரும் வகை. தலை வழவழவென்று குடை மாதிரி இருக்கும், அதன் கழுத்து சதுரமாக இருக்கும். அந்தச் சதுரம் ஆங்கிளின் துளைக்குள் கச்சிதமாக உட்கார்ந்துகொள்கிறது. நட்டை உள்ளிருந்து முறுக்கும்போது போல்ட் சுற்றுவதில்லை, வெளியே ஸ்பேனர் வைத்துப் பிடிக்க ஒன்றுமே இல்லை. வெளியில் நிற்கிறவருக்குத் தெரிவது குடைத்தலைகளின் வரிசை மட்டும். ஒன்று 70 சென். கூண்டின் எல்லாப் பக்கத்துக்கும் 60 ஆனது. இந்த ஒரு பொருளைத்தான் நான் எல்லாருக்கும் எடுத்துக் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

வலை போட்டதில் கூடுதல் பலனும் கிடைத்தது. அந்தக் கட்டத்துக்குப் பெருக்கல் பட்டை தேவைப்படவில்லை. நாலா பக்கமும் நசுக்கிப் பிடித்த வலையே ஆட்டத்தை நிறுத்திவிட்டது.

கதவுச் சட்டத்தை எங்களால் போல்ட்டில் செய்ய முடியவில்லை. ஆங்கிளில் செய்து பார்த்தோம், தொங்கவிட்டதும் மூலை இறங்கியது. ஓரங்குலச் சதுரக் குழாயில் சட்டம் செய்து, கீலும் வைத்துத் தரச் சொல்லி வெல்டிங் பட்டறைத் தம்பியிடம் கொடுத்தோம். 180 வெள்ளி. கீல் விஷயத்தில் ஒரு கவனம் வேண்டும். கீலின் ஆணி வெளியே தெரிந்தால், கீழிருந்து ஒரு தட்டுத் தட்டி ஆணியை உருவி, பூட்டைத் தொடாமலே கதவை மறுபக்கம் திறந்துவிடலாம். தம்பி ஆணியின் இரு முனையிலும் ஒரு பொட்டு வெல்டு வைத்தான். அதோடு நானும் கீல் பக்கக் கதவுச் சட்டத்தில் மேலும் கீழும் 10 மி.மீ. முளை ஒன்றொன்று வைத்தேன். கதவு மூடியதும் முளை ஆங்கிளின் எதிர்த் துளைக்குள் போய்விடும். துளையை அரத்தால் கொஞ்சம் அகலப்படுத்த வேண்டியிருந்தது. இனி கீலையே அறுத்தாலும் அந்தப் பக்கம் கதவு வராது.

கதவு உயரம் 6 அடி. நடுவில் ஒரு பூட்டு மட்டும் போட்டு, கீழ்மூலையைப் பிடித்து இழுத்தபோது 2 அங்குலம் வளைந்து வந்தது. கடப்பாரைக்கு அந்த இடம் போதும். எனவே கொண்டி இரண்டு, மேலிருந்து ஒன்றரை அடியில் ஒன்று, கீழிருந்து ஒன்றரை அடியில் ஒன்று. கொண்டி மூடியபோது அதன் போல்ட்டுகள் மறைந்துவிடும் வகையாகப் பார்த்து எடுத்தோம். கொண்டிக்குப் பின்னால், கதவின் உள்பக்கம், 3 மி.மீ. தகடு வைத்து கேரேஜ் போல்ட்டால் ஊடுருவ முறுக்கியிருக்கிறது. பழைய அலமாரியின் அந்த நான்கு திருகாணிகளை நினைத்துக்கொண்டேதான் இதை முறுக்கினேன்.

பூட்டுக்கு எவ்வளவு செலவழிப்பது என்பதில் குழுவில் இரண்டு கருத்து. விலை கூடியதாக வாங்கு என்றார்கள் சிலர். பூட்டின் உள் நுட்பத்துக்குக் காசு கொட்ட வேண்டாம் என்றேன் நான். 1851ல் லண்டன் பெருங்கண்காட்சியின்போது ஆல்ஃபிரட் ஹாப்ஸ் என்ற அமெரிக்கப் பூட்டுக்காரர், திறக்கவே முடியாது என்று பேர் வாங்கியிருந்த சப் (Chubb) கம்பெனிப் பூட்டை 25 நிமிடத்தில் திறந்து காட்டினார். அறுபது வருடமாகக் கடைச் சன்னலில் சவாலாக வைத்திருந்த பிராமா (Bramah) கம்பெனிப் பூட்டையும் திறந்தார். அதற்கு 51 மணி நேரம், 16 நாளில். அந்த மாதிரிக் கைவண்ணக்காரர் எங்கள் அண்டாவுக்கு வரமாட்டார். வருகிறவர் கையில் இருப்பது கடப்பாரையும் போல்ட் கட்டரும்தான். அதனால் உள் நுட்பத்தைவிட வெளி அமைப்பைப் பார்த்து வாங்கினோம்: வளையம் 10 மி.மீ. கனம், தோள் உயர்ந்து வளையத்தின் பெரும்பகுதியை மூடியிருக்கும் வகை, போல்ட் கட்டரின் வாய் நுழைய இடமில்லை. ஒரே சாவிக்குத் திறக்கும் ஜோடி, 136 வெள்ளி. கடல் காற்றுக்கு எண்ணெய் விட்டால் தூசி ஒட்டிச் சாவி மாட்டிக்கொள்ளும். கிராஃபைட் தூள் போடுகிறோம்.

சாமான் ஏற்றும்போது கனமானது கீழே. வார்ப்பு அடுப்புகள் தரைக்கு மேல் முதல் தட்டில், அண்டாக்கள் இரண்டாவதில், ஒன்றுக்குள் ஒன்று வைக்கும்போது நடுவில் சாக்குத் துண்டு. பெயர் வெட்டிய பக்கம் வெளியே தெரியும்படி வைக்க வேண்டும் என்று எங்கள் அக்கா ஒருவர் கண்டிப்பாகச் சொன்னார். அதனால் தேடுகிற வேலையும் மிச்சமானது. தட்டுகளின் விளிம்பில் ரப்பர் பட்டை செருகினோம். மைக்குகள், ஒயர்கள் போன்ற சின்னச் சாமான் கூண்டுக்குள்ளும் மூடி போட்ட பெட்டியில்தான். வலைக் கண்ணில் கம்பி விட்டுக் கொக்கி போட்டு இழுக்க முடியாது. கேஸ் சிலிண்டர் மட்டும் இந்த அறைக்குள் வரவே வராது. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கி நிற்கும், இந்த அறைக்குச் சன்னலும் இல்லை. பந்தல் முடிந்த அன்றே சிலிண்டர்கள் கடைக்குத் திரும்பிவிடும்.

செலவு: ஆங்கிள் 832, இரும்புத் தட்டுகள் பதினாறுக்கு 352, விரித்த தகட்டு வலை 285, கதவு 180, பூட்டு 136, பட்டை இரும்பு 120, சாதாரண போல்ட் நட்டு 114, கொண்டிகள் 70, மூலைத் தகடு 60, கால் தகடு 48, துத்தநாக ஸ்ப்ரே 44, கேரேஜ் போல்ட் 42, ரப்பர் பட்டை 30. ஆக 2,313 வெள்ளி. குழுவில் வசூலானது 2,500. மிச்சம் 187க்கு மூடி போட்ட பெட்டிகள் வாங்கினோம். கூலி எங்களுடையதுதான், கதவைத் தவிர.

மறுபடி செய்தால் சிலவற்றை மாற்றுவேன். கூண்டுக் கதவை ஒற்றைக் கதவாக வைக்கமாட்டேன். 3 அடிக் கதவு திறக்கும்போது 39 அங்குல நடைபாதையை முழுக்க அடைத்துக்கொள்கிறது, பின்னால் ஆள் நிற்க இடமில்லை. ஒன்றரை அடியில் இரட்டைக் கதவு வைத்திருக்க வேண்டும். இரண்டாவது, வலப்பக்க ரேக்கின் அடித்தட்டை இன்னும் 4 அங்குலம் உயர்த்தியிருப்பேன். மழை வலுத்தால் முற்றத்துத் தண்ணீர் வாசல்படி வரை வருகிறது. இதுவரை உள்ளே ஏறவில்லை, ஆனாலும் துடைப்பம் விட்டுக் கூட்டவாவது அந்த உயரம் வேண்டும். மூன்றாவது, ஆங்கிள் வாங்கும்போதே வேண்டியதற்கு மேல் இரண்டு சேர்த்து வாங்கி வைப்பேன். ஒரு பக்கத்தில் புதிதாக ஒரு தட்டு வேண்டும் என்று இப்போதே கேட்கிறார்கள். அதே கடைக்குப் போனால் இந்த முறை வந்த சரக்கில் துளை வரிசை கொஞ்சம் மாறியிருக்கிறது, பழையதோடு சேரவில்லை.

சாவி மூன்று. ஒன்று செயலாளரிடம், ஒன்று அக்காவிடம், மூன்றாவது வீட்டுக்காரரிடம் உறையில் ஒட்டிக் கொடுத்திருக்கிறது. போல்ட்டுகளை வருடத்துக்கு இரண்டு முறை இறுக்கிப் பார்ப்பது என்று வைத்திருக்கிறோம்: பூசத்துக்குச் சாமான் எடுக்கும்போது ஒரு முறை, ஆடி மாதத்தில் ஒரு முறை. பூசத்தின்போது இறுக்கிப் பார்த்ததில் தளர்ந்திருந்தவை மேல் குறுக்கு ஆங்கிளின் நட்டுகள் மட்டும்தான். அவற்றுக்கு ஸ்பிரிங் வாஷர் போட்டாயிற்று.